விட்டுக்கொடுத்த வீரர்களும் விட்டுப்போகாத கேள்வியும்

2025 ஏப்ரல் 10, வியாழக்கிழமை காலை. கல்லூரிக்குச் செல்லும் ரயிலில் நின்றபடி கைப்பேசியில் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் அது முந்திய நாள் இரவு. டல்லஸ் மேவரிக்ஸ் அணியின் சொந்த அரங்கம். அந்த அரங்கின் செல்லப்பிள்ளையாக இருந்த லூக்கா டோன்சிச், அன்று எதிரணிச் சட்டையில் அமர்ந்திருந்தார்.

ஆட்டம் தொடங்குமுன், டல்லஸ் அணிக்காக அவர் ஆடிய நாள்களின் காட்சிகளைத் தொகுத்துப் பெரிய திரையில் காட்டினார்கள். 26 வயது இளையர், துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய் 45 புள்ளிகள் எடுத்தார். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் வென்றது. அவரை அனுப்பிவைத்த பொது மேலாளரைப் பதவிநீக்கம் செய்யச் சொல்லி டல்லஸ் ரசிகர்களே முழக்கமிட்டார்கள். நான் இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

மாமாவிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தது. அம்மாவின் தம்பி அவர். டிர்க் நொவிட்ஸ்கி காலத்திலிருந்தே டல்லஸ் ரசிகர். என்னையும் அந்த நோயில் தள்ளியவர். "நாஷ், சாண்ட்லர், பிரன்சன், இப்ப லூக்கா. நாலு பேர விட்டுட்டானுங்க. நாலுமே தப்பு."

அந்த நான்கு பெயர்களைப் படித்தபோது ஐந்தாவதாக ஒரு பெயர் என் மனத்தில் ஓடியது. அவன் என்பிஏ வீரன் அல்லன். ஒருகாலத்தில் என் வகுப்புத் தோழன். அவனை விட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அவனிடம் பிறகு வருகிறேன். முதலில், மாமாவின் பட்டியல் சரிதானா என்று பார்ப்போம்.

முதல் பெயர்: ஸ்டீவ் நாஷ்

என்பிஏ அணிகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு விருப்பம்போல் செலவிட முடியாது. சம்பள வரம்பு உண்டு. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கூடுதல் வரியும் கட்டவேண்டும். ஆகவே ஒருவருக்குக் கொடுக்கும் ஒவ்வோர் ஒப்பந்தமும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாமல் போகும் பணம். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரோ விரும்பிய அணிக்குப் போகலாம்.

2004ல் நாஷின் ஒப்பந்தம் முடிந்தது. அவருக்கு வயது 30. முதுகுவலி உள்ளவர். பீனிக்ஸ் சன்ஸ் அணி 60 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் அதிகமான தொகையுடன் ஆறாண்டு ஒப்பந்தத்தை நீட்டியது. டல்லஸ் முன்வைத்தது அதைவிடக் குறைந்த ஆண்டுகள், குறைந்த தொகை. அவருடைய உடல் அவ்வளவு காலம் தாங்காது என்று அணியின் அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபன் அஞ்சினார். நாஷ் பீனிக்சுக்குப் போனார்.

அடுத்து நடந்தது அனைவருக்கும் தெரிந்த கதை. முந்திய பருவத்தில் 29 ஆட்டங்கள் மட்டுமே வென்றிருந்த பீனிக்ஸ், நாஷ் வந்ததும் 62 ஆட்டங்களை வென்றது. 2005, 2006 இரண்டு ஆண்டுகளிலும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது நாஷுக்கே கிடைத்தது. அவரை விட்டது தவறு என்று கியூபனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் மாமா சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. நாஷின் கடைசிப் பருவத்தில் டல்லஸ் வென்ற ஆட்டங்கள் 52. அவர் போன பிறகு 58, அடுத்து 60, அதற்கடுத்து 67. அணி தேயவில்லை, வளர்ந்தது. 2006ல் மேற்கு வட்டார இறுதிச் சுற்றில் அதே நாஷின் பீனிக்சைத் தோற்கடித்து, முதன்முறையாக என்பிஏ இறுதிச் சுற்றுக்கும் போனது. நாஷ் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட இறுதிச் சுற்றில் ஆடவில்லை.

இன்னொன்று. நாஷ் பீனிக்சுக்குப் போன அதே பருவத்தில், பந்தைக் கொண்டுவருபவரைக் கையால் தொட்டுத் தடுப்பதற்கு எதிரான விதியை லீக் கடுமையாக்கியது. வேகமான ஆட்டக்காரர்களுக்கு அது வழிவிட்டது. பீனிக்சின் பயிற்றுவிப்பாளர் மைக் டான்டோனியும் வேகத்தையே நம்பியவர். ஆக, இரண்டு விருதுகளை வென்ற நாஷ் 2004ல் டல்லஸின் கையில் இருந்தாரா, பீனிக்சில் உருவானாரா? டல்லஸில் தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நமக்குச் சொல்லக்கூடிய ஆட்டம் எதுவும் நடக்கவில்லை.

அதற்காக டல்லஸ் செய்தது பிழையற்றது என்றும் சொல்லிவிட முடியாது. நாஷுக்கு நீண்ட ஒப்பந்தம் தரத் தயங்கிய அதே கோடையில், எரிக் டேம்பியர் என்ற உயரமான ஆட்டக்காரருக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். நாஷ் அளவுக்கு அவர் ஒருபோதும் பெயரெடுக்கவில்லை.

இரண்டாவது பெயர்: டைசன் சாண்ட்லர்

இங்கேதான் கதை வேடிக்கையாகிறது. டேம்பியரின் ஒப்பந்தத்தில் கடைசி ஆண்டுக்கு உத்தரவாதம் இல்லை. அவரை வாங்கும் அணி அந்த ஒப்பந்தத்தை உடனே முடித்துச் செலவைக் குறைத்துக்கொள்ளலாம். 2010 கோடையில் செலவைக் குறைக்க விரும்பிய சார்லட் அணி, டேம்பியர் உள்ளிட்ட சிலரை வாங்கிக்கொண்டு டைசன் சாண்ட்லரை டல்லஸுக்குக் கொடுத்தது.

அடுத்த ஆண்டு, லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் போஷ் மூவரும் இருந்த மயாமி ஹீட்டை 4-2 என்று வீழ்த்தி டல்லஸ் முதன்முறையாக வெற்றியாளர் கிண்ணத்தைத் தூக்கியது. நொவிட்ஸ்கி புள்ளிகளைக் குவித்தார். கூடையைக் காத்து நின்றவர் சாண்ட்லர். மாமா அன்று அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்ததாகச் சொல்வார்.

மாமாவின் கணக்கில் டேம்பியர் ஒப்பந்தம் ஒரு தவறு. அந்தத் தவறு இல்லாமல் சாண்ட்லர் இல்லை. சாண்ட்லர் இல்லாமல் 2011 கிண்ணம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. "தப்பு" என்று எழுதிய வரியை எங்கே நிறுத்துவது?

வென்ற ஆறே மாதத்தில் சாண்ட்லரையும் விட்டார்கள். உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான தகராறு 2011 கோடையில் தொடங்கி டிசம்பர் வரை நீடித்தது. அதன்பின் வந்த புதிய உடன்பாடு, தொடர்ந்து அதிகம் செலவிடும் அணிகளுக்கு வரியைக் கடுமையாக்கியது. சாண்ட்லருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்தால் கை கட்டப்பட்டுவிடும், 2012ல் பெரிய ஆட்டக்காரர் ஒருவரை வாங்கப் பணம் ஒதுக்கி வைப்போம் என்று டல்லஸ் எண்ணியது. டல்லஸ் பகுதியில் வளர்ந்த டெரோன் வில்லியம்ஸ்மீது கண் இருந்தது.

சாண்ட்லர் நியூயார்க் நிக்ஸுக்குப் போய், அந்தப் பருவத்திலேயே சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை வென்றார். டல்லஸ் முதல் சுற்றில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறியது. வில்லியம்ஸ் தம் பழைய அணியிலேயே இருந்துவிட்டார். 2011க்குப் பிறகு ஒரு பிளே ஆஃப் தொடரை வெல்ல டல்லஸ் 2022 வரை காத்திருந்தது.

இதை எப்படி மதிப்பிடுவது? புதிய வரி உண்மை. எச்சரிக்கையும் நியாயமே. ஆனால் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, வேறொருவரின் "சரி" என்ற ஒரு சொல்லை நம்பி நின்றார்கள். அவர் "இல்லை" என்றால் என்ன செய்வது என்பதற்கு அதே தரத்தில் மாற்றுத் திட்டம் இல்லை. இந்தக் குறையைக் காண முடிவு தெரியவேண்டிய தேவையில்லை. 2011 டிசம்பரிலேயே அது கண்ணுக்குத் தெரிந்த குறை.

மூன்றாவது பெயர்: ஜேலன் பிரன்சன்

2018 ஆட்டக்காரர் தேர்வில் 33வது ஆளாக டல்லஸ் எடுத்தவர் பிரன்சன். அவருக்கு முன்பு 32 முறை வேறு பெயர்கள் வாசிக்கப்பட்டன. 2021 பிளே ஆஃபில் அவர் சோபிக்கவில்லை. ஆட்டநேரமும் குறைந்தது. அடுத்த பருவத்தில் அவருக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 55 மில்லியன் டாலர் வரை கொடுத்து ஒப்பந்தத்தை நீட்டிக்க விதிகள் இடம் கொடுத்தன. அது நடக்கவில்லை. எப்போது, யார், என்ன சொன்னார்கள் என்பதில் இரு தரப்பும் வேறு வேறு கதை சொல்கின்றன.

2022 பிளே ஆஃபில் டோன்சிச் காயத்தால் அமர்ந்திருந்தபோது பிரன்சன் ஓர் ஆட்டத்தில் 41 புள்ளிகள் எடுத்தார். அந்தக் கோடையில் நிக்ஸ் அவருக்கு 104 மில்லியன் டாலர் கொடுத்தது. டல்லஸுக்குப் பதிலாக எதுவும் கிடைக்கவில்லை. 2025ல் நிக்ஸ் 25 ஆண்டுகளுக்குப் பிறகு கிழக்கு வட்டார இறுதிச் சுற்றில் ஆடியது, பிரன்சன் தலைமையில்.

நான் அப்போது உயர்நிலை நான்கு மாணவன். "இது எனக்கு முன்னாடியே தெரியும்" என்று மாமாவிடம் சொன்னேன். பழைய குறுஞ்செய்திகளைத் தேடிப் பார்த்தேன். 2021 ஜூனில் நான் மாமாவுக்கு அனுப்பியிருந்தது: "பிரன்சன் வேஸ்ட். வித்துடலாம்."

எனக்கு முன்னாடியே தெரிந்திருக்கவில்லை. தெரிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"முன்னாடியே தெரியும்" என்ற பொய்

இந்த மயக்கத்தை 1975லேயே பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் ஆராய்ந்திருக்கிறார். 1814ல் பிரிட்டிஷ் படைகளுக்கும் கூர்க்கா வீரர்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு குறிப்பைப் பலரிடம் படிக்கக் கொடுத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு முடிவை "இதுதான் நடந்தது" என்று சொன்னார். பிறகு, முடிவு தெரியாதவர்போல் எண்ணிக்கொண்டு ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கணிக்கச் சொன்னார். எந்த முடிவு சொல்லப்பட்டதோ, அதற்கே வாய்ப்பு அதிகம் இருந்ததாக மக்கள் கணித்தார்கள். முடிவு தெரிந்துவிட்டால், அது தெரியாத காலத்துக்கு மனத்தால் திரும்பிப் போவது கடினம்.

வேறு பாடத்தை எடுத்திருக்கலாமே, வேறு இணைப்பாட நடவடிக்கையில் சேர்ந்திருக்கலாமே என்று நம்மில் பலர் நம்மை நாமே வாட்டிக்கொள்கிறோம். மதிப்பெண் வந்த பிறகு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. பாடத்தைத் தேர்ந்தெடுத்த அன்று அந்த மதிப்பெண் நம் கையில் இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

நான்காவது பெயர்: லூக்கா

அப்படியானால் எந்த முடிவையும் குறை சொல்லவே கூடாதா? அப்படியும் இல்லை.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு பிற்பகலில் அந்தச் செய்தி வந்தபோது யாரோ செய்தியாளரின் கணக்கை ஊடுருவிவிட்டார்கள் என்றே நினைத்தேன். எட்டு மாதங்களுக்கு முன்புதான் அணியை இறுதிச் சுற்றுக்கு அழைத்துச் சென்றவர். அப்போது 25 வயது. அவரைக் கொடுத்து, 31 வயது ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ன் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஆகியவற்றைப் பெற்றார்கள். தற்காப்புதான் கிண்ணம் வெல்லும் என்றார் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன். டோன்சிச்சின் உடற்தகுதி பற்றிய கவலையும், விரைவில் கொடுக்க வேண்டியிருந்த ஏறக்குறைய 345 மில்லியன் டாலர் ஒப்பந்தமும் பின்னணியில் இருந்தன.

கவலைகள் பொய்யல்ல. ஆனால் மற்ற அணிகளிடம் விலை கேட்டுப் பார்க்கவில்லை, லேக்கர்ஸுடன் மட்டும் இரகசியமாகப் பேசி முடித்துவிட்டார்கள் என்றே பரவலாகச் செய்தி வெளியானது. பழைய கைப்பேசியை விற்பதற்குக்கூட நாம் நான்கு கடை ஏறி இறங்குவோம்.

டேவிஸ் டல்லஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். அணி பிளே ஆஃபுக்குத் தகுதிபெறவில்லை. ஆனால் மே மாதக் குலுக்கலில், வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்பை வைத்துக்கொண்டு டல்லஸ் முதல் தேர்வு உரிமையை வென்றது. கூப்பர் ஃபிளாக் என்ற 18 வயது நம்பிக்கை நட்சத்திரம் வந்துசேர்ந்தார். "பாத்தியா, லூக்காவ வித்ததுனாலதான் இவன் கெடச்சான்" என்றான் என் கல்லூரித் தோழன் ஒருவன்.

அதையும் நான் ஏற்கவில்லை. குலுக்கலில் பரிசு விழுந்ததால், யாரிடமும் விலை கேட்காமல் விற்றது புத்திசாலித்தனம் ஆகிவிடாது. நாஷ் விருது வாங்கியதால் மட்டும் 2004ன் அச்சம் முட்டாள்தனம் ஆகிவிடாததைப் போலத்தான். அந்த நவம்பரில் ஹாரிசன் பதவிநீக்கம் செய்யப்பட்டார்.

ஐந்தாவது பெயர்

இப்போது என் கணக்குக்கு வருகிறேன்.

உயர்நிலை நான்கில் நான் பள்ளிக் கூடைப்பந்து அணியின் தலைவன். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு 12 பேரை அனுப்பலாம். நாங்கள் 13 பேர். என்னையும் துணைத் தலைவரையும் அழைத்த பயிற்றுவிப்பாளர், யாரை விடலாம் என்று தனித்தனித் தாளில் எழுதித் தரச் சொன்னார். இறுதி முடிவு அவருடையது. ஆனாலும் கேட்டார்.

நான் என் நண்பனின் பெயரை எழுதினேன். காரணமும் எழுதினேன்: "செவ்வாய்ப் பயிற்சிக்குத் தொடர்ந்து தாமதம். ஈடுபாடு குறைவு." மறுநாள் அறிவிப்புப் பலகையில் அவன் பெயர் இல்லை.

மூன்றாண்டு கழித்து, பலதுறைத் தொழிற்கல்லூரி அணிகளின் நட்புமுறை ஆட்டம் ஒன்றில் அவன் எனக்கு எதிரே நின்றான். 17 புள்ளிகள் எடுத்தான். அவற்றில் பாதிக்கும் மேல் நான் காவல் காத்தபோது எடுத்தவை. நாங்கள் தோற்றோம். லூக்கா அழுத அந்தக் காலைக்கு இரண்டு வாரம் முன்பு நடந்தது அது.

அன்றிரவே அவனுக்குச் செய்தி அனுப்பலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. மாமாவின் நான்கு பெயர்களைப் படித்த பிறகுதான் துணிவு வந்தது. அந்த வாரமே அவன் வீட்டுப் புளோக்கின் அருகிலுள்ள திடலில் சந்தித்தோம். அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். உன்னை விட்டது தவறு, இப்போது எப்படி ஆடுகிறாய் பார், மன்னித்துவிடு என்றேன்.

அவன் பந்தைத் தட்டுவதை நிறுத்தவில்லை. "நான் இப்ப நல்லா ஆடலைனா வந்து மன்னிப்புக் கேட்டிருப்பியாடா?"

என்னிடம் பதில் இல்லை.

அவனே தொடர்ந்தான். அந்த ஆண்டு அவன் அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் பிற்பகல் வேலை. மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து தங்கையை அழைத்துக்கொண்டு பாட்டி வீட்டில் விட்டுவிட்டுத்தான் பயிற்சிக்கு வருவான். ஓடித்தான் வருவான். "நீ ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நானா வந்து சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. கேட்க அரை நிமிடம் போதும். நான் கேட்கவில்லை. இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் ஆடிய இடமும் நான் ஆடிய இடமும் ஒன்று. தாளில் அவன் பெயரை எழுதியபோது அது என் மனத்தில் இருந்ததா? இல்லை என்று உறுதியாகச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

என் தவறு அவனுடைய 17 புள்ளிகளில் இல்லை. அவன் அதன்பின் பந்தையே தொடாமல் போயிருந்தாலும் அது தவறுதான். கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்த ஒன்றைக் கேட்காமல், நானாகவே "ஈடுபாடு குறைவு" என்று எழுதியதுதான் தவறு. டல்லஸைப் பற்றிப் பேசும்போது எனக்கு எளிதாகத் தெரிந்த இந்த வேறுபாடு, என் சொந்தக் கதையில் அவன் கேட்கும்வரை தெரியவில்லை.

மாமாவிடம் இதைச் சொன்னேன். நீண்ட நேரம் யோசித்தார். "சரி, நாஷ விட்டத மன்னிச்சிடுறேன். லூக்காவ முடியாது" என்றார். எனக்கும் அதே தீர்ப்புதான். ஆனால் இப்போது எங்கள் இருவரிடமும் அதற்குக் காரணம் இருக்கிறது.

இப்போது நான் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமைகளில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்க உதவுகிறேன். போட்டிக்கு ஆள் எடுக்கும்போது யாரையாவது விடவேண்டித்தான் வருகிறது. அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று வரி எழுதுகிறேன். எனக்கு என்ன தெரியும்? அந்தப் பையனிடமே கேட்டேனா? இன்று இந்த முடிவை எடுக்க என் காரணம் என்ன? தேதியும் போடுகிறேன். ஓர் ஆண்டு கழித்து அவர்களில் ஒருவன் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டால், "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று நான் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் சொல்ல விடாது.

செவ்வாய் மாலைகளில் நானும் என் நண்பனும் அதே திடலில் ஆடுகிறோம். அவன் தங்கை இப்போது வளர்ந்துவிட்டாள், தானாகவே வீடு திரும்புகிறாள். சென்ற வாரமும் அவன் இருபது நிமிடம் தாமதமாக வந்தான்.

"ஏன்டா லேட்டு?" என்று கேட்டேன்.

"தூங்கிட்டேன்" என்றான்.